இணைப்பு என்று தனியாக எதுவும் போவதில்லை

தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து விவசாயிகள் வெண்பட்டுக்கூட்டை மூட்டையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். நூற்பாளர்கள் கூட்டை அள்ளி, விரலால் அழுத்திப் பார்த்து விலை கேட்பார்கள். இந்த விவசாயிகளில் 200 பேர் சேர்ந்து ஓர் உற்பத்தியாளர் குழு நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழுவின் கணக்கைப் பார்க்கும் பெண், மாதக் கடைசியில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவரவர் கணக்குச் சீட்டை பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். எத்தனை கிலோ, என்ன விலை, பிடித்தம் போக மீதி எவ்வளவு என்பது அந்தச் சீட்டில் இருக்கும். சிலர் தங்கள் முகவரியைத் தந்திருப்பார்கள். பலர் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன், மகளின் முகவரியைத் தந்திருப்பார்கள்.

இதைக் கையாலேயே செய்யலாம். ஒவ்வொரு முறையும் முகவரி போட்டு, நாலு வரி எழுதி, சரியான கோப்பைத் தேடி இணைத்து அனுப்ப வேண்டும். நூறைத் தாண்டும்போது கண் சோர்ந்துவிடும். ஒருவருடைய கணக்கு இன்னொருவருக்குப் போய்ச் சேரும். இன்னாருக்கு இவ்வளவு வந்தது என்பது ஊருக்குத் தெரிந்தால் வரும் சங்கடம் நமக்குத் தெரியும். அதனால் இந்த வேலையைக் கணினி நிரலிடம் கொடுப்பது நேரத்தை மட்டுமல்ல, மானத்தையும் காக்கிற காரியம்.

இதைச் செய்யும் நிரல் முப்பது, நாற்பது வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த வரிகளைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது. இடறும்போது ஏன் இடறியது என்று புரிய வேண்டும். ஆகவே மின்னஞ்சலுக்குள் என்னதான் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. மின்னஞ்சல் என்பது கடிதம். அட்டாச்மென்ட் என்பது அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பும் தனிப் பொருள். இப்படித்தான் நினைக்கிறோம். திரையும் அதையே காட்டுகிறது. மேலே கடிதம், கீழே ஊக்குப் படம், அதன் பக்கத்தில் கோப்பின் பெயர். பார்த்தால் இரண்டும் வேறு வேறு போலத்தான் இருக்கும். உண்மையில் ஒரு மின்னஞ்சலோடு வேறெதுவும் சேர்ந்து பயணிப்பதில்லை. தலைப்பு, கடிதம், தடித்த எழுத்து, அட்டவணை, படம், பிடிஎஃப் எல்லாமே ஒரே நீளமான எழுத்து வரிசையாகத்தான் போகின்றன. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்துகள், எண்கள், சில குறிகள். அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கைமாற்றும் விதிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். ஜோனதன் போஸ்டல் என்பவர் 1982 ஆகஸ்டில் அதை எழுதி வெளியிட்டார். அன்றைய கணினிகளுக்குப் பொதுவாகத் தெரிந்தவை ஆஸ்கி என்ற தொகுப்பிலிருந்த 128 குறிகள்தான். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக் குறிகள், சில கட்டளைக் குறிகள். மின்னஞ்சலும் அந்த 128 குறிகளை மட்டும் சுமக்கும்படி அமைந்தது. அதில் தமிழுக்கு இடமில்லை, படத்துக்கு இடமில்லை, பிரெஞ்சுக்காரர் பெயரில் வரும் சில எழுத்துகளுக்குக்கூட இடமில்லை.

பத்து ஆண்டுகளில் அந்த வழி உலகெங்கும் பரவிவிட்டது. மின்னஞ்சலைக் கைமாற்றும் எல்லா சர்வர்களையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவரும் அந்தப் பாதையைத் தொடவில்லை. படத்தையும் ஒலியையும் எழுத்தாக மாற்றி அதே பாதையில் விடுவதற்கு ஒரு முறையை வகுத்தார்கள். அதன் பெயர் மைம். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் புகைப்படத்தையும், அந்தக் குழு பாடிய பாட்டின் ஒலிப்பதிவையும் மின்னஞ்சலில் அனுப்பினார். நாம் இன்று அனுப்பும் அட்டாச்மென்டுகளுக்கு அதுதான் மூத்தது. அதே ஆண்டு ஜூனில் மைம் விதிகள் வெளியாயின. மின்னஞ்சலில் படம் எதற்கு என்று அன்று கேட்டவர்களிடம், தனக்கு என்றாவது பேரப்பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் படம் மின்னஞ்சலில் வர வேண்டும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

சரி, ஒரு பிடிஎஃப் எப்படி எழுத்தாகும்? பென்னாகரத்தில் இருக்கும் அக்கா, பெங்களூரில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் மார்கழிக் கோலம் சொல்கிறார். “15 புள்ளி, 8-ல் முடியணும், ஊடு புள்ளி” என்று தொடங்கி, எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தங்கை கேட்டுக்கேட்டுத் தன் வாசலில் போடுகிறாள். முடிந்ததும் இரண்டு வாசலிலும் ஒரே கோலம். ஆனால் ஒரு சிட்டிகை மாவுகூட பென்னாகரத்திலிருந்து போகவில்லை. போனது சொல் மட்டும்தான். அட்டாச்மென்டும் இப்படியே. நம் கணினி பிடிஎஃபை எழுத்தாகச் சொல்கிறது; பெறுகிறவர் கணினி அதைக் கேட்டு அங்கே புதிதாகப் போட்டுக்கொள்கிறது.

அப்படிச் சொல்லும் முறைக்கு பேஸ்64 என்று பெயர். கணக்கு எளிமையானது. எந்தக் கோப்பும் பைட்டுகளின் வரிசைதான். ஒரு பைட்டில் 8 பிட், அதாவது எட்டுப் பூஜ்ஜியமோ ஒன்றோ. மூன்று பைட்டை எடுத்தால் 24 பிட். அந்த 24-ஐ ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு துண்டு. ஆறு பிட்டில் 64 விதமான எண்கள் வரும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு. மொத்தம் 64. எந்தப் பழைய சர்வரும் தடுக்காமல் விடும் குறிகளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். ஆக, மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. அந்த எழுத்துகளை வரிக்கு 76-க்கு மேல் போகாமல் மடக்கி மடக்கி எழுதுவார்கள்.

மூன்று நான்காகிறது என்றால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது. ஒவ்வொரு வரியும் மடங்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். மொத்தச் செய்தியும் 25 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு சர்வர் வரம்பு வைத்திருந்தால், 22 எம்பி கோப்பு ஏன் திரும்பி வருகிறது என்று பலர் திகைப்பார்கள். எழுத்தாக மாறிய பிறகு அது 30 எம்பி. அந்த வரம்புக்குள் ஏறக்குறைய 18 எம்பி வரைதான் கோப்பு இருக்கலாம். கோப்பு தனியாகப் போவதில்லை, எழுத்தாகி உள்ளே போகிறது என்று தெரிந்தவருக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை.

தமிழும் இதே வழியில்தான் போகிறது. யூனிகோடு தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறை யூடிஎஃப்-8. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் அதை வடிவமைத்தது 1992 செப்டம்பரில், மைம் விதிகள் வெளியான சில மாதங்களில். அதன்படி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ‘தர்மபுரி’ என்று எழுதினால் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ர-வின் மேலிருக்கும் புள்ளி, பு-வின் உகரம், ரி-யின் இகரம் எல்லாம் தனித்தனி, ஆகவே எட்டுக் குறி. எட்டு மூன்று 24 பைட். பேஸ்64-இல் 32 எழுத்து. மூன்று பைட் நான்கு எழுத்தாவதால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் கச்சிதமாக நான்கு எழுத்தில் அடங்குகிறது. அந்த நான்கில் முதல் இரண்டும் எப்போதும் 4 என்ற எண்ணும் கே என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தும்தான். இடைவெளி இல்லாத ஒரே தமிழ்ச் சொல்லை பேஸ்64-இல் பார்த்தால், நான்கு எழுத்துக்கு ஒரு முறை இந்த 4-ம் கே-யும் வந்துகொண்டே இருக்கும்.

தலைப்பு வரியில் தமிழ் எழுதினாலும் இப்படித்தான். அந்த வரிக்குள் சமக்குறி, கேள்விக்குறி போட்டு, ‘இது யூடிஎஃப்-8, பேஸ்64 முறையில் எழுதியிருக்கிறேன்’ என்று சொல்லி, பிறகு எழுத்துகளை அடுக்குவார்கள். எப்போதாவது தலைப்பில் கேள்விக்குறிகளுக்கு நடுவே புரியாத எழுத்துக் கூட்டம் வந்திருக்கும். கெட்டுப்போன மின்னஞ்சல் என்று நினைத்திருப்போம். எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கலாம்; பெறுகிற மென்பொருள் அதைப் பிரித்துப் படிக்காமல் விட்டிருக்கும்.

இப்போது நம் கணக்குச் சீட்டுக்கு வருவோம். ஒரே எழுத்து வரிசைக்குள் கடிதமும் பிடிஎஃபும் இருந்தால், எது எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? மைம் அதற்கு எல்லைக்கோடு வைத்திருக்கிறது. மின்னஞ்சலின் மேற்பகுதியிலேயே, ‘இதற்குள் பல பகுதிகள் உண்டு, அவற்றின் நடுவே இந்த வரி வரும்’ என்று ஒரு சொற்றொடரை அறிவித்துவிடுவார்கள். கடிதத்திலோ பிடிஎஃபிலோ தற்செயலாக வந்துவிடாதபடி நிரலே எழுத்துகளைக் கலைத்துப்போட்டு அதை உருவாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் இரண்டு கோடும் அந்தச் சொற்றொடரும் வரும். கடைசியில் வரும்போது பின்னாலும் இரண்டு கோடு இருக்கும். இத்தோடு முடிந்தது என்று பொருள்.

எல்லைக்கோட்டுக்கு அடுத்து ஒவ்வொரு பகுதியும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும். நான் எந்த வகை, எப்படி எழுத்தாக்கப்பட்டிருக்கிறேன், என் கோப்புப் பெயர் என்ன. ‘இது இணைப்பு’ என்று ஒரு வரி இருந்தால் பெறுகிற மென்பொருள் ஊக்குப் படம் போட்டுக் கீழே காட்டும். ‘இது கடிதத்தோடு சேர்ந்தது’ என்று இருந்தால் கடிதத்துக்குள்ளேயே காட்டும். இந்த வரிதான் முக்கிய வித்தியாசம். கடிதத்தின் தலையில் வரும் குழுவின் முத்திரைப் படமும் கீழே தொங்கும் பிடிஎஃபும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு பகுதிகள்தான்.

கடிதத்தையே இரண்டு வடிவில் வைப்பது நல்ல பழக்கம். ஒன்று வெறும் எழுத்து. இன்னொன்று எச்டிஎம்எல், அதாவது எது தடித்த எழுத்து, எது அட்டவணை, எது வண்ணம் என்று குறிப்போடு எழுதப்பட்டது. இரண்டும் ஒரே செய்தியின் மாற்று வடிவங்கள் என்று அறிவித்துவிட்டால், பெறுகிற மென்பொருள் தனக்குப் புரிகிறவற்றில் கடைசியாக இருப்பதைக் காட்டும். ஆகவே வெறும் எழுத்து முதலில், எச்டிஎம்எல் பின்னால். மாற்றி வைத்தால் அழகாகச் செய்த அட்டவணை பலர் கண்ணில் படாமலே போகலாம். அட்டவணையை எளிமையாக வைத்துக்கொள்வதும் முக்கியம். மின்னஞ்சல் மென்பொருள்கள் இணையப் பக்கத்தில் நடக்கும் வித்தைகளையெல்லாம் ஏற்காது. நாலு பத்தி, தெளிவான எழுத்து, கீழே மொத்தத் தொகை. கூடு விற்றவருக்கு வேண்டியது அதுதான்.

இவ்வளவும் நாம் கையால் எழுத வேண்டியதில்லை. பைத்தான் என்ற நிரல் மொழியோடு சேர்ந்தே வரும் ‘எமெயில்’ என்ற நூலகம் எல்லைக்கோட்டையும் பேஸ்64-ஐயும் தானே பார்த்துக்கொள்ளும். நாம் செய்வது சில படிகள்தான். ஒரு வெற்று மின்னஞ்சலை உருவாக்குகிறோம். அனுப்புநர், பெறுநர், தலைப்பு மூன்றையும் நிரப்புகிறோம். வெறும் எழுத்துக் கடிதத்தை வைக்கிறோம். எச்டிஎம்எல் வடிவை மாற்றாகச் சேர்க்கிறோம். பிடிஎஃபைத் திறந்து, அதன் வகையையும் பெயரையும் சொல்லிச் சேர்க்கிறோம். பிடிஎஃபைத் திறக்கும்போது பைட்டுகளாகத்தான் திறக்க வேண்டும். எழுத்துக் கோப்பு என்று நினைத்துத் திறந்தால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

உறுப்பினர் பட்டியலில் ஒரு வரிக்கு ஒருவரின் பெயரும் முகவரியும் இருக்கும். நிரல் வரி வரியாகப் போகும். இங்கே ஒரே ஒரு கவனம் வேண்டும்: ஒவ்வோர் உறுப்பினருக்கும் மின்னஞ்சலைப் புதிதாகத் தொடங்க வேண்டும். பழையதையே வைத்துக்கொண்டு பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி அடுத்த சீட்டைச் சேர்த்தால், முதல் ஆளுக்குச் சேர்த்த பிடிஎஃப் உள்ளேயே இருக்கும். இரண்டாம் ஆளுக்கு இரண்டு சீட்டு போகும். இருநூறாம் ஆளுக்கு ஊர்க் கணக்கே போகும். இணைப்பு தனிப் பொருள் என்று நினைக்கிறவர், அனுப்பியதும் அது கழன்றுவிட்டது என்று நம்பிவிடுவார். அது எழுத்தாகி உள்ளே கலந்துவிட்டது என்று தெரிந்தவர் இந்தத் தவறைச் செய்யமாட்டார்.

பிறகு கைமாற்றுவது. பைத்தானின் ‘எஸ்எம்டிபிலிப்’ அந்த வேலையைச் செய்யும். குழு ஜிமெயிலைப் பயன்படுத்தினால், ஜிமெயில் சர்வரை 587 என்ற வாயிலில் அழைத்து, பேச்சை மறையாக்கச் சொல்லி, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகும். வழக்கமாக நாம் போடும் பாஸ்வேர்டை இங்கே கொடுத்தால் ஜிமெயில் ஏற்காது. 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழி அடைக்கப்பட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, நிரலுக்கென்று 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதை நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள். நிரலை நாளைக்கு யாருக்காவது கொடுப்போம். அதோடு சாவியும் போய்விடும். தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 பேருக்குத்தான் அனுப்பலாம். நம் 200 பேருக்கு அது தாராளம்.

உள்ளே போனதும் நிரல் சர்வரிடம் மூன்று விஷயம் சொல்லும். யார் அனுப்புகிறார், யாருக்குப் போக வேண்டும், இதோ செய்தி. சர்வர் இரண்டாவதாகச் சொன்ன முகவரிக்குத்தான் கொண்டுபோகும். செய்திக்குள் ‘பெறுநர்’ என்று எழுதியிருப்பது படிக்கிறவர் கண்ணுக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் சர்வருக்கு இல்லை. அதனால்தான் மறைநகல் என்ற வசதியே இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் சர்வர் 250 என்ற எண்ணைச் சொல்லும். செய்தியைப் பெற்றுக்கொண்டேன், இனி என் பொறுப்பு என்று அதற்குப் பொருள். உறுப்பினர் படித்துவிட்டார் என்று பொருள் இல்லை. முகவரி தவறாக இருந்தால் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்த அறிவிப்பு அனுப்புநரின் பெட்டியில் விழும். அதைப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, தர்மபுரி அரசு கலைக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு பைத்தான் தெரியும். பக்கத்துக் கிராமத்தில் ஒரு குழு இன்னும் ஒவ்வொன்றாக இணைத்து அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பெரிய மென்பொருள் வாங்க வேண்டாம், யாருக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டாம். பைத்தான் இலவசம், நூலகம் அதிலேயே இருக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 200 பேருக்கு அனுப்பும் முன், ஒரே ஒரு கணக்குச் சீட்டை உங்கள் முகவரிக்கே அனுப்புங்கள். வந்ததும், மின்னஞ்சலின் மூல வடிவைக் காட்டும் வசதியை மெனுவில் தேடித் திறந்து பாருங்கள். எல்லைக்கோடு தெரியும். வெறும் எழுத்து வடிவமும் எச்டிஎம்எல் வடிவமும் தெரியும். தமிழ் வரிகள் பேஸ்64-இல் இருந்தால் 4-ம் கே-யும் மறுபடி மறுபடி வரும். கீழே பக்கம் பக்கமாக ஓடும் எழுத்துகள்தான் உங்கள் பிடிஎஃப். பிடிஎஃப் பகுதி ஒன்றுதான் இருக்கிறதா, அதன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு பட்டியலை ஓடவிடுங்கள்.